மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

வருசத்துக்கு ஒருக்கா, சிலவேளை இரண்டு தரம், அந்தப் படம் முகநூலில் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒரு பாடசாலையின் பெயரும் அச்சடித்த பதாகை. அதற்கு முன்னால் நீள மேசை, மேசையில் இரண்டு கோப்பு, கோப்பில் கையெழுத்து வைத்துக்கொண்டே கமராவைப் பார்க்கிற இரண்டு பெரியவர்கள். பின்னால் வரிசையாகக் கோட்டும் சேலையும். ஓரத்தில் வெள்ளைச் சீருடையோடு நாலைந்து பிள்ளைகள், மாலை போட்டு முடிந்தபிறகு எங்கே நிற்பதென்று தெரியாமல். கீழே 'புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்து' என்று எழுதியிருக்கும். யாருக்கு என்ன புரிந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது வழிகாட்டல் கருத்தரங்கு. மங்கள விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, வளவாளர் ஒருவர் இரண்டு மணித்தியாலம் 'நீங்களும் கம்பஸ் வரலாம்' என்று பேசுவார். தேநீர், ரோல்ஸ், நினைவுச் சின்னம். பின்னேரம் மூன்று மணிக்கு வாகனம் மதிலுக்கு உள்ளே திரும்பிவிடும். அடுத்த வருசம் வேறொரு பள்ளிக்கூடம், அதே உரை.

நாங்கள் அந்தப் படத்துக்கு எதிரானவர்கள். பல்கலைக்கழகமும் பக்கத்துப் பள்ளிக்கூடமும் சேர வேண்டும் என்பதற்கு ஆதரவானவர்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் எண்டு நினைக்கிற ஆக்கள் தயவுசெய்து மிச்சத்தையும் வாசியுங்கோ.

முதலில் ஒரு பழைய கணக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியபோது திருநெல்வேலியில் வெறுங்காணியில் தொடங்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களுக்குள்தான் அது குடிபுகுந்தது. விஞ்ஞானப் பகுதி வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில் ஆரம்பித்தது. கிழக்கிலும் இதே கதைதான். மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அதாவது 'எங்கட பல்கலைக்கழகம்' என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற இரண்டும் பள்ளிக்கூடக் கூரைக்குக் கீழே பிறந்தவை. ஊர்ப்பிள்ளைகள் படித்த வகுப்பறைகள்தான் விரிவுரை மண்டபங்கள் ஆகின. 1990இல் வந்தாறுமூலை வளாகம் சுற்றியிருந்த கிராமங்களுக்கு அகதி முகாமாகவும் இருந்தது. அங்கிருந்து இராணுவம் கொண்டுபோன ஆக்கள் திரும்பி வரவேயில்லை. அந்த வளாகத்துக்கும் அந்த ஊர்களுக்கும் இடையில் இருப்பது சாதாரண அயலவர் உறவு இல்லை.

இன்றைக்கு மதிலுக்கு வெளியே இருக்கிற சனத்துக்குப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? போர்டிங் வாடகை. போட்டோக்கொப்பிக் கடை, சாப்பாட்டுக்கடை, பார்சல் சோறு. பகிடிவதைச் செய்தி. உள்ளே கூட்டித் துடைக்கிற, கன்ரீனில் ரொட்டி போடுகிற, வாசலில் காவல் நிற்கிற வேலை. அந்த வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளை மதிலோடு ஒட்டின பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும். அந்தப் பிள்ளை அதே வாசலால் மாணவராக உள்ளே போகும் வாய்ப்பு எவ்வளவு? இதற்கு எங்கள் பல்கலைக்கழகங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

'ஏ.எல். நல்லாச் செய்தால் வரலாம்தானே' என்று உடனே ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு இலங்கையில் பள்ளிக்கூடங்கள் எப்படி வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் சொல்ல வேண்டும். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உட்பட எல்லாம் நடக்கும். 1சீ என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலை, வர்த்தகம் அளவில். வகை 2 பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். வகை 3 அதற்கும் முன்னரே. நாடு முழுக்க ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள். அதில் 1ஏபி பத்தில் ஒன்று அளவில்தான். மதிலோடு ஒட்டின பள்ளிக்கூடம் வகை 2 என்றால், அங்கே படிக்கிற பிள்ளைக்கு 'ஏ.எல்.' என்பது இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு அதிபரின் அனுமதி, இன்னொரு பஸ். அது 1சீ என்றால், பிள்ளை கலைப்பிரிவைத் தெரிவு செய்தது என்று எழுதுவதே பொய். அங்கே இருந்ததைப் படித்தது, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஓ.எல். நிற்கிறது. உயர்தரத்துக்குப் போக வழமையாகக் கேட்கப்படுவது முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி. கணிதத்தில் விழுகிற பிள்ளை பரீட்சை மண்டபத்தில் விழவில்லை. ஏழாம் வகுப்பில் பின்னமும் எட்டாம் வகுப்பில் அட்சரகணிதமும் விளங்காமல், கணித ரீச்சர் இடமாற்றத்தில் போய், பதிலுக்கு ஆள் வராமல், சங்கீத ரீச்சர் வந்து வகுப்பைப் பார்த்துக்கொண்ட அந்த இரண்டு தவணையில் விழுந்தது. பத்தாம் தரத்தில் கருத்தரங்கு வைத்து அதைத் தூக்க ஏலாது. பல்கலைக்கழகக் கதவு மூடப்படுவது உயர்தரப் பெறுபேறு வருகிற நாளில் அல்ல. பன்னிரண்டு பதின்மூன்று வயதில், சத்தமே இல்லாமல் மூடப்படுகிறது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நல்லாப் படிக்கிற ஒரு பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கி நகரத்துப் பெரிய கல்லூரியில் நடுகிற ஏற்பாடு அது. அந்தப் பிள்ளைக்கு நன்மைதான், மறுக்கவில்லை. மிச்ச முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்புக்கு என்ன நடக்கிறது? கெட்டிக்காரப் பிள்ளை போகிறது, அதோடு அக்கறையுள்ள பெற்றோர் போகிறார்கள், பிறகு நல்ல ஆசிரியர்களும் போகிறார்கள். சில வருசத்தில் வலயக் கல்வி அலுவலகம் 'மாணவர் தொகை குறைவு' என்று அந்தப் பள்ளிக்கூடத்தை மூடுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும்.

இனி ஒதுக்கீடு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. இது தேவை, இதை ஒழிக்கச் சொல்கிறவர்களோடு நாங்கள் இல்லை. ஆனால் இசட் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் பார்க்கும், மாவட்டத்துக்குள்ளே பார்க்காது. மட்டக்களப்பு நகரத்தில் டியூட்டரிக்கு நடந்து போகிற பிள்ளையும் படுவான்கரையில் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. யாழ் நகரத்துப் பெரிய கல்லூரியும் நெடுந்தீவும் வடமராட்சி கிழக்கும் ஒரே மாவட்டம். மாவட்டத்துக்கு வந்த இடங்களை மாவட்டத்துக்குள் யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை இசட் புள்ளி சொல்லாது. எங்கள் ஆக்களும் சொல்வதில்லை.

இதில் எங்களுக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது பல்கலைக்கழக அனுமதி தமிழ் அரசியலின் நடுவில் வந்து நின்றது. ஒரு தலைமுறையே அதைச் சொல்லித்தான் தெருவுக்கு வந்தது. அது நியாயமான கோபம். மொழி பார்த்துப் புள்ளி போடுவது அநியாயம்தான். அதே சமூகம் இன்றைக்கு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தன் வீட்டுக்குள்ளே யாருடைய பிள்ளை உள்ளே போகிறது, யாருடைய பிள்ளை பதினோராம் தரத்தோடு மேசன் வேலைக்கோ கடைக்கோ போகிறது என்று கேட்காமல் இருக்கிறது. பெறுபேறு வந்த மறுநாள் பெரிய கல்லூரிகளின் வாசலில் '3ஏ' பெற்றவர்களின் படத்தோடு பதாகை தொங்கும். யாருடைய படம் தொங்கவில்லை என்பதும் ஒரு தரவுதான். சாதியும் தீவகமும் வன்னியும் தோட்டமும் அந்தப் பட்டியலில் எப்படிக் குறைகின்றன என்று ஒரு பீடம் உட்கார்ந்து ஆராயலாம். ஆராய்ச்சி மகாநாடு நடத்தத் தலைப்புத் தேடி அலைகிறவர்களுக்கு இதை இலவசமாகத் தருகிறோம்.

பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் உறவே இல்லை என்று சொன்னால் பிழை. இருக்கிறது. அதற்குப் பெயர் டியூட்டரி. கம்பஸ் அண்ணாமார் பின்னேரத்தில் வந்து இணைந்த கணிதம் படிப்பிப்பார்கள், இரசாயனவியல் படிப்பிப்பார்கள், காசு வாங்குவார்கள். அவர்களும் ஏழைப் பிள்ளைகள்தான், மகாபொலவை வைத்து மாதம் ஓடாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அறிவு மதிலைத் தாண்டி வருகிற ஒரே வழி காசு கட்டுகிற வழி என்றால், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அந்த வழியிலும் இல்லை.

காசில்லாத உறவும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் உயர்தர மாணவர்களுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள். வினாத்தாள் தயாரித்து, ஊரூராக நடத்தி, திருத்தி, பெறுபேறும் கொடுக்கிறார்கள். மாணவர்கள் தாங்களாகவே செய்கிற இந்த வேலையைப் பார்த்து எங்கள் பல்கலைக்கழக நிர்வாகங்கள் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் அது உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான் போகும். வாசலுக்கு வந்தவரைக் கைபிடித்து ஏற்றுகிற வேலை அது. வாசலுக்கே வராதவர்களைப் பற்றித்தான் எங்கள் கேள்வி.

வேறு நாடுகளில் பல்கலைக்கழகங்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. அதில் இரண்டைச் சொல்கிறோம், ஏனென்றால் ஒன்று என்ன பிழைக்கும் என்று காட்டுகிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பணக்காரப் பல்கலைக்கழகம், சுற்றிவர ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகள். அறுபதுகளில் அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத்துக்காக 'பிளாக் பொட்டம்' என்ற கறுப்பினச் சேரியையே இடித்து, ஆயிரக்கணக்கானவர்களை எழுப்பினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2001இல் நகரப் பாடசாலை நிர்வாகத்தோடு சேர்ந்து 'பென் அலெக்சாண்டர்' என்ற அரச பாடசாலையைத் திறந்தது. ஒரு பிள்ளைக்கு வருசத்துக்கு 1,330 டொலர் அளவில் மேலதிகமாகக் கொடுத்தது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் அதிகம். பள்ளிக்கூடம் நன்றாக வந்தது. நன்றாக வந்ததுதான் வினை. அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு இருந்தால்தான் அனுமதி என்பதால் வீட்டு விலையும் வாடகையும் ஏறின. காசுள்ளவர்கள் உள்ளே வந்தார்கள், பழைய ஆக்கள் வெளியே போனார்கள். 2013 ஜனவரியில் பாலர் வகுப்பு அனுமதிக்குப் பெற்றோர் பதிவு தொடங்க நாட்கணக்குக்கு முன்னரே குளிருக்குள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நிர்வாகம் சீட்டுக் குலுக்கலுக்குப் போனது. யாருக்காகத் திறந்தார்களோ அவர்களுக்கு அந்த ஊரில் வீடே கட்டுப்படியாகாமல் போனது.

எங்கட ஊர்ப் பெற்றோருக்கு இது விளங்கும். பெரிய கல்லூரியில் முதலாம் வகுப்பு அனுமதிக்காக முகவரி மாற்றி, மின்சாரப் பில்லை மாற்றி, சித்தப்பா வீட்டுப் பெயரில் பதிந்து செய்கிற விளையாட்டெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. திருநெல்வேலியிலோ வந்தாறுமூலையிலோ ஒரு பள்ளிக்கூடத்தைப் பல்கலைக்கழகம் 'தத்தெடுத்து' மினுக்கினால், அடுத்த தை மாதம் அங்கே விரிவுரையாளர்களின் பிள்ளைகள்தான் நிற்பார்கள்.

இரண்டாவது லொஸ் ஏஞ்சல்ஸ். அங்கே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பக்கத்து அரச பாடசாலைகளிலிருந்து ஆறாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஏழு வருசம் விடாமல் கூடவே வருகிறது. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வளாகத்துக்கு வர வேண்டும், பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. முடித்து, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தகுதி பெற்றால் படிப்புச் செலவைப் பல்கலைக்கழகம் பார்க்கும். அதிலும் குறை உண்டு, தெரிந்தெடுத்த பிள்ளைகள்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு விசயத்தை அவர்கள் விளங்கியிருக்கிறார்கள். ஏழு வருசம் வேண்டும். ஒரு பின்னேரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

எங்கட நிலைமை வேறு என்பது தெரியும். இங்கே சாதாரண அனுமதியில் துணைவேந்தரே நினைத்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு இடம் கொடுக்க முடியாது. யார் எங்கே என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் தீர்மானிக்கும். அது நல்லதே, இல்லாவிட்டால் இடமெல்லாம் யாருக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். எங்கள் பல்கலைக்கழகம் பிள்ளைக்கு இடம் கொடுக்க முடியாது என்றால், கொடுக்கக்கூடியது ஒன்றுதான் மிஞ்சுகிறது: ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிற்பது.

எப்படி என்று கேட்டால், பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மிகக் கிட்ட இருக்கிற, பெரிய பெயர் இல்லாத, வகை 2 அல்லது 1சீ பள்ளிக்கூடம் ஒன்று. ஒன்றே போதும், நாலு வேண்டாம். அங்கே ஆறாம் தரத்திலிருந்து கணிதமும் ஆங்கிலமும். வாரத்தில் இரண்டு நாள், அதே முகங்கள், குறைந்தது ஒரு முழு வருசம். படிப்பிக்கிற மாணவருக்கு அது தொண்டு என்று சொல்லிக் கையைக் கழுவாமல், பாடத்திட்டத்தில் ஒரு அலகாகச் சேர்த்துப் புள்ளி கொடுக்க வேண்டும், போக்குவரத்துக் காசும் கொடுக்க வேண்டும். விஞ்ஞான பீடத்தின் ஆய்வுகூடம் சனிக்கிழமை பூட்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் அமிலத்தைப் படத்தில் பார்த்த பிள்ளை இங்கே வந்து தொட்டுப் பார்க்கட்டும். நூலகத்தில் ஒரு மேசை. வாசலில் காவலாளி அந்தப் பிள்ளைகளை 'எங்க போறியள்' என்று கேட்டு மறிக்காத ஒரு அட்டை. இந்தக் கடைசி விசயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அங்கே இருக்கின்றன. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் பொறியியல் படிக்க அந்த மண்ணுக்கு வருகிறார்கள், சந்தோசம். சுற்றியிருக்கிற ஊர்களின் பள்ளிக்கூடங்கள் 2008, 2009இல் இடம்பெயர்ந்து, உடைந்து, திரும்பி வந்து ஓடுகிறவை. கிளிநொச்சி பின்தங்கிய மாவட்டமாக மேலதிக ஒதுக்கீடும் பெறுகிறது. ஒதுக்கீட்டை நிரப்ப அந்த ஊரில் இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளை வேண்டும், அதற்குப் படிப்பிக்க ஆள் வேண்டும். பொறியியற் பீடத்தில் கணிதம் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமா?

இன்னொன்றும் உண்டு, இதற்கு ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. உயர்தரம் சித்தியடைந்து தகுதி பெற்றவர்களிலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் விண்ணப்பப் படிவம் ஒரு பரீட்சை. எந்தக் கற்கைநெறியை முதலில் போடுவது, எதைப் பத்தாவதாகப் போடுவது, போன வருச வெட்டுப்புள்ளியை எப்படி வாசிப்பது. சங்கீதம், நடனம், சித்திரம், கட்டடக்கலை போன்றவற்றுக்குச் செய்முறை அல்லது உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் ஒரு அண்ணனோ அக்காவோ கம்பஸ் போயிருந்தால் இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் கதைக்கிற விசயம். முதல் தலைமுறைப் பிள்ளை கொமினிக்கேசன் கடைக்காரரிடம் படிவத்தைக் கொடுத்து 'நீங்களே போடுங்கோ அண்ணை' என்று சொல்லும். அந்தக் கடைக்காரர் போடுகிற ஒழுங்கில் ஒரு வாழ்க்கை போகும். முதலாம் வருச மாணவர் ஒருவர் ஒரு பின்னேரம் இருந்தால் தீர்கிற பிரச்சினை இது.

விரிவுரையாளர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு என்பார்கள், வெற்றிடங்கள் நிரப்பப்படவில்லை என்பார்கள். உண்மை. அதே வேலைப்பளுவுக்குள் மகாநாட்டுக்கு நேரம் கிடைக்கிறது, தரவரிசைக்குப் படிவம் நிரப்பக் கிடைக்கிறது. 'சமூகப் பணி' என்ற தலைப்பின் கீழ் எழுத ஒரு நாள் கருத்தரங்கின் படம் போதும் என்று இருக்கும்வரை ஏழு வருசத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் சந்தேகப்படுவார்கள், அதுவும் நியாயம். வருகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாது என்ற முகத்தோடுதான் வந்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பேராசிரியரைவிட அந்த வகுப்பு ரீச்சருக்குத்தான் தெரியும். உடன்படிக்கையில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். வலயக் கல்வி அலுவலகம் சுற்றறிக்கை கேட்கும். கேட்கட்டும், எழுதிக் கொடுக்கலாம்.

மாணவர் ஒன்றியங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலர் உங்களோடு ஒரே பந்தலில் இருந்தவர்கள், அந்த உரிமையில் சொல்கிறோம். இலவசக் கல்வியைப் பாதுகாக்க ஊர்வலம் போகிறோம், வகுப்புப் பகிஷ்கரிப்புச் செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். ஆனால் வாசலில் 'இலவசக் கல்வி எங்கள் உரிமை' என்று பதாகை கட்டினால், அதில் 'எங்கள்' என்றால் யார் என்று எதிர்ப்பக்கத்து வகுப்பறை யன்னலால் பார்க்கிற பிள்ளைக்கும் விளங்க வேண்டும். நிர்வாகம் சம்மதிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தவணை தொடங்கும்போது இரண்டு பேர் அந்த அதிபரிடம் போய், ஏழாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லை என்றால் எந்தக் கிழமையில் எந்தப் பாடவேளை வெறுமையாக இருக்கிறது என்று கேட்டு நேரசூசியில் எழுதிக்கொண்டு வரலாம். கமரா கொண்டு போக வேண்டாம்.